காலிங் பெல்லுக்கு நிற்கும் தாளம்

என் வீட்டுக்காரருக்கு ஒரு பொருளும் அதன் ஜோடியும் ஒத்துப்போகாவிட்டால் சோறு இறங்காது. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ ஃபாக்டரியில் செக்கிங் பிரிவில் அவருக்கு வேலை. பாலிஷ் முடிந்து மேசைக்கு வரும் ஷூக்களை இடது, வலது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறம் ஒன்றுதானா, தோலின் ரேகை ஒன்றுதானா, தையல் இரண்டிலும் ஒரே இடத்தில் வளைகிறதா என்று பார்ப்பார். ஒன்று துளி வெளுத்திருந்தாலும் ஜோடியாக ரிஜெக்ட் கூடைக்குப் போய்விடும். ஃபாக்டரியில் அதற்காக அவரை மெச்சுவார்கள். அந்தக் கண்ணை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வேலூருக்கு பஸ் ஏறக் கூடாதா என்று நான் ஆண்டவரிடம் கேட்காத நாள் இல்லை. வீட்டில் ஜன்னல் திரைகள் இரண்டும் ஒரே உயரத்தில் தொங்க வேண்டும். இட்லி ஒன்று சரியாக உப்பாவிட்டால் அதை மட்டும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையில் கீபோர்டு வாசிப்பவர் அவர்தான். நான் பாடகர் குழுவில் மேல்குரல் பாடுகிறவள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக வருடக்கணக்கில் கத்தியும் கெடாத குரல் எனக்கு. திருவிருந்து நேரத்தில் பாடும் பழைய கீர்த்தனை ஒன்றை நான் தனியாக எடுத்தால், கடைசி பெஞ்சில் விசிறிக்கொண்டிருப்பவர்களின் கைகூட நின்றுவிடும். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைதான். நகை நட்டு, வீடு வாசல் என்று எதிலும் நான் பெருமைப்பட்டதில்லை. இந்தக் குரலில் மட்டும் எனக்குக் கர்வம் உண்டு.

புது நூற்றாண்டு பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தபோது என் கழுத்தில் தைராய்டு கட்டி வந்தது. ஜாக்கெட் கழுத்து இறுக்குகிறது என்று முதலில் தையல்காரரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு பாடும்போது கண்ணாடியில் பார்த்தேன், தொண்டைக்குக் கீழே ஒரு பக்கம் ஏறி இறங்கியது.

மருத்துவமனையில் டாக்டரம்மா காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். "கெட்ட கட்டி இல்லம்மா. ஆனா வளந்துக்கிட்டே போவுது, எடுத்துடணும். குரலுக்குப் போற நரம்பு அதை ஒட்டியே போவுது. ஜாக்கிரதையாத்தான் எடுப்போம். நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகறதில்ல. சில பேருக்குக் குரல் மாறலாம். முன்னாடியே சொல்லிடறது நல்லது" என்றார். பிறகு, "நீங்க பாடுவீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "பாடுவாங்க டாக்டர். ரொம்ப நல்லா பாடுவாங்க" என்றார். புத்தாண்டு ஆராதனை முடிந்த அடுத்த வாரம் ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். அப்போது நவம்பர் கடைசி.

வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினார். ஏதோ கோளாறு என்று நினைத்து நான் இறங்கினேன். "ஆபரேஷனுக்கு முன்னாடி உன் குரலை அப்படியே பிடிச்சு வெச்சுடணும்" என்றார். எனக்கு ரோட்டிலேயே அழுகை வந்துவிட்டது. அந்தக் கீர்த்தனை ஒன்று, அது ஒன்றே ஒன்று என் குரலில் பத்திரமாக இருந்துவிட்டால், பிறகு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று தோன்றியது.

"டேப் ரெக்கார்டர் இருக்குது. சாயந்திரம் நீங்க கீபோர்டு வாசிங்க, நான் பாடறேன். கொஞ்ச நேர வேலை" என்றேன்.

"டேப்பா? இன்னா பேசற நீ. டேப்ல பின்னாடி உஸ்ஸுனு ஒரு எரைச்சல் ஓடிக்கிட்டே இருக்கும். உன் குரலுக்கு அதுவா ஜோடி?"

ஜோடி என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தவுடனேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். என் குரலை இவ்வளவு மதிக்கிறாரே என்று உருகிப்போய் மறுபடி ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தேன்.

எங்கள் கூடத்தில் அப்போது மூன்று இயந்திரங்கள் இருந்தன. ஒன்று அவருடைய கீபோர்டு. அடுத்தது, பெங்களூரில் ஒரு மெல்லிசைக் குழுக்காரரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிரம் மெஷின். டிஃபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் அகலமான பெட்டி; மேலே ரப்பர் பட்டன்கள்; அதில் தாளத்தை ஒருமுறை சொல்லி வைத்துவிட்டால் தபலாவும் ஜால்ராவும் தானாக ஓடும். மூன்றாவது, தெரிந்தவர் ஒருவர் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துக் கொடுத்த கம்ப்யூட்டர். டிரம் பெட்டி தாளம் போட வேண்டும். கீபோர்டுக்குள் இவர் முன்பே வாசித்து வைத்த வயலினும் புல்லாங்குழலும் அந்தத் தாளத்துக்கு ஏற்றபடி ஓட வேண்டும். கம்ப்யூட்டர் அவற்றோடு சேர்ந்து ஓடி என் குரலைப் பதிய வேண்டும். இதுதான் திட்டம். இதற்கு ஏன் மூன்று பேர் வேண்டும், நீங்கள் ஒருவர் வாசித்தால் போதாதா என்று கேட்டேன். எனக்குப் புரியாது என்றார்.

ஐந்து முள் வைத்த வட்டத் தலை வயர் ஒன்று பெட்டிக்குப் பெட்டி போகும். அதன் வழியாகத்தான் தாளம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேரும். ஒரு பெட்டி மாஸ்டராக இருக்க வேண்டும், மற்றவை அதன் பேச்சைக் கேட்டு நடக்க வேண்டும் என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. எங்கள் கூடத்தில் மூன்றுமே மாஸ்டராக இருந்தன. இவர் நாலாவது.

டிசம்பரின் முதல் சில நாட்கள், ஒரு பெட்டியின் 'அவுட்' துளையிலிருந்து இன்னொரு பெட்டியின் 'அவுட்' துளைக்கே வயரைச் சொருகி வைத்துவிட்டு, ஏன் ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டார். ஃபாக்டரியிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்துத் தரையில் குப்புறப் படுத்துக்கொள்வார். காபியைத் தலைமாட்டில் வைத்தால் ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடக்கும். கடைசியில் பெங்களூர்க்காரருக்கு எஸ்.டி.டி. போட்டுக் கேட்டார். ஒரு பெட்டியின் வாயிலிருந்து வருவது இன்னொன்றின் காதுக்குப் போக வேண்டும், நீங்கள் வாயோடு வாயை வைத்திருக்கிறீர்கள் என்று அவர் சொன்னாராம்.

"ரெண்டும் ஒரே பேரு. அதான் ஒண்ணோட ஒண்ணு சேரும்னு நெனச்சேன்" என்றார் இவர், சங்கடமாக.

வயரை மாற்றிச் சொருகியதும் கீபோர்டும் டிரம் பெட்டியும் சேர்ந்து ஓடின. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் கரண்ட் போய் வந்தால் கீபோர்டு எல்லாவற்றையும் மறந்துவிட்டுத் தன் இஷ்டத்துக்கு ஓடும். மறுபடி அதன் சின்னத் திரையில் பட்டனைத் தட்டித் தட்டி, 'இனிமேல் வெளியிலிருந்து வரும் தாளத்தைக் கேள்' என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். எங்கள் தெருவில் கரண்ட் சாயங்காலத்தில்தான் விளையாடும். சொல்லிக் கொடுத்து முடிப்பதற்குள் அடுத்த தடவை போய்விடும்.

இத்தனைக்கும் நடுவில் தினமும் நான் பாடினேன். அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டே இருப்பேன். "வா, இப்ப சரியாயிடுச்சு" என்று கூப்பிடுவார். கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம் மைக்கில் விழக்கூடாது என்று என்னைப் படுக்கையறையில் நிறுத்திவிட்டார். ஜன்னலில் ஒரு மெத்தை, கதவில் ஒரு மெத்தை. காதில் ஹெட்ஃபோன். டிசம்பரிலும் அதற்குள் வேர்த்து ஊற்றும்.

முதல் அடி முடிவதற்குள் சண்டை வந்துவிடும். எங்கள் சபையில் கீர்த்தனை பாடும் விதம் அப்படி. ஒவ்வொரு அடியின் கடைசியிலும் குரலை நீட்டி நிற்போம். பின் பெஞ்சுப் பெரியவர்கள் வந்து சேரும்வரைக்கும் நிற்போம். அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த அடியை எடுப்போம். எவ்வளவு நேரம் என்று யாரும் எண்ணிச் சொல்லித் தந்ததில்லை, நிற்கும்போதே தெரியும். எனக்கு இருக்கிற பேரெல்லாம் அந்த நீட்டலுக்குத்தான். இந்தப் பெட்டிக்கு அது எங்கே தெரிகிறது? நான் நீட்டிக்கொண்டிருக்கும்போதே அது தன் பாட்டுக்கு அடுத்த அடிக்குப் போய்விடும்.

"நீ லேட்" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

"நான் லேட் இல்லீங்க. உங்க பெட்டிதான் அவசரப்படுது."

"அது மிஷின். அது எப்படி அவசரப்படும்? நீதான் ஜாஸ்தி இழுக்கற."

"இவ்ளோ வருஷமா இழுத்ததுக்குத்தானே நீங்களும் கீபோர்டுல பின்னாடியே வந்தீங்க? அப்பல்லாம் ஜாஸ்தியா தெரியல?"

பட்டன்களைத் தட்டும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, மறுபடியும்" என்று வரும். தாளத்துக்கு ஏற்ற மாதிரி நீட்டலைக் குறைத்துப் பாடிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வது போல இருந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தேன். இது என் குரல் என்று நாளைக்கு யாராவது போட்டுக் கேட்டால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன் என்று கத்தினேன்.

அன்றைக்கு இரவு சாப்பாட்டில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ சொல்றது கரெக்ட்டுதான். நீ பெட்டிக்காக ஓட வேணாம். பெட்டி உனக்காக நிக்கட்டும்."

டிரம் பெட்டியில் காலால் மிதிக்கும் சுவிட்சுக்கு ஒரு துளை உண்டு. ஒருமுறை மிதித்தால் தாளம் நிற்கும். மறுபடி மிதித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அடியின் கடைசியில் நான் மிதித்து நிறுத்திவிட்டு, வேண்டிய மட்டும் நீட்டி, மூச்சு வாங்கி, மறுபடி மிதிக்கலாம். கேட்கக் கேட்க எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் வடிந்தது. ஒரு மனுஷன் நான் மூச்சு வாங்குவதற்காக இவ்வளவு யோசித்திருக்கிறார். சிக்கல் என்னவென்றால் பெட்டி கூடத்தில், கால் படுக்கையறையில். வயரை விட்டால் கதவு சரியாகச் சாத்தாது, இடுக்கு வழியே ஃபேன் சத்தம் வரும். "வயர் இல்லாம பண்றேன் பாரு" என்றார்.

அடுத்த சனிக்கிழமை மெட்ராஸுக்குப் போய், பேட்டரியில் வேலை செய்கிற வயர் இல்லாத காலிங் பெல் வாங்கி வந்தார். வாசலில் ஒட்டும் பட்டன் தனி, உள்ளே அடிக்கும் மணி தனி. மணியின் பாட்டு வாசிக்கும் பகுதியைக் கழற்றிவிட்டு, அங்கிருந்து ஒரு வயரை டிரம் பெட்டியின் கால் சுவிட்சுத் துளைக்குக் கொடுத்தார். பட்டனை ஒரு மரக்கட்டையில் பதித்து, மேலே ஃபாக்டரியிலிருந்து கொண்டுவந்த ரப்பர் ஹீல் ஒன்றை ஒட்டினார். நான் வெறுங்காலால் மிதித்தேன். கூடத்தில் தபலா நின்றது. மறுபடி மிதித்தேன். ஓடியது. நாங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம்.

ஆனால் கீபோர்டு? நிறுத்தும்போது ஒழுங்காக நின்றது. தொடரச் சொன்னால் மட்டும் பாட்டின் ஆரம்பத்துக்கே ஓடிவிட்டது. தபலா இரண்டாவது அடியில், புல்லாங்குழல் முன்னிசையில். ஒவ்வொரு மிதிக்கும் அது மறுபடி முதலிலிருந்து கிளம்பும். இவருக்கு நாலைந்து நாள் அதில் போனது. கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டவில்லை, வீட்டுக்கு வெள்ளை அடிக்கவில்லை. அச்சு முறுக்கு மாவை நான் ஒருத்தியே பிசைந்து, நான் ஒருத்தியே சுட்டேன். "இன்னா பேஜாரு இது, இன்னா பேஜாரு இது" என்று கூடத்திலிருந்து ஜெபம் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. ஏதோ ஒரு நாள், புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்த ஒரு வரியைக் கண்டுபிடித்து, கீபோர்டையும் விட்ட இடத்திலிருந்து தொடர வைத்தார்.

அதன் பிறகுதான் பேய் புகுந்தது. நான் பாடிக்கொண்டிருப்பேன், மிதிக்கவே இல்லை, அடியின் நடுவில் தாளம் டக்கென்று நிற்கும்.

"ஏன் மிதிச்ச?"

"நான் மிதிக்கல."

"மிதிக்காம எப்படி நிக்கும்?"

"என் காலைத் தூக்கி நாற்காலி மேல வெச்சிருக்கேங்க. வந்து பாருங்க!"

வந்து பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடத்தில் தபலா மறுபடி தானாக ஓட ஆரம்பித்தது. பட்டனைக் கழற்றினார், மாட்டினார், பேட்டரி மாற்றினார். சாயங்காலமானால் அது தன் இஷ்டத்துக்கு நிற்கும், ஓடும். டிசம்பர் வளர வளர அதிகமானது. என் பொறுமையும் அந்தப் பேட்டரி மாதிரியே தீர்ந்துகொண்டு வந்தது. குரல் கம்மத் தொடங்கியிருந்தது. தினமும் ஆராதனைப் பயிற்சி, அது முடிந்து வீட்டில் இந்த ஆராதனை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, ஆராதனை முடிந்து கோயில் வாசலில் எதிர்வீட்டு நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஓய்வுபெற்றவர், தனியாக இருப்பவர். தெருவில் பாதிப் பேருக்கு ஊசி போட்ட கை அது. பண்டிகை மாதம் முழுக்க யாராவது துணி மூடிய தட்டோடு அவர் வாசலில் நிற்பார்கள்.

"பாரும்மா, இந்தத் தெருவுல பசங்களுக்கு ரொம்பக் கொழுப்பு ஏறிப்போச்சு. பொழுது சாஞ்சா பெல் அடிச்சுட்டு ஓடிப்போறானுங்க. முட்டி வலியோட நான் எழுந்து கேட்டு வரைக்கும் வர்றேன், ஒருத்தனும் இல்ல. உள்ள போய் உக்காந்தா மறுபடி அடிக்கறானுங்க. நேத்து எத்தன வாட்டி வந்தேன்றே!"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மெட்ராஸில் இவர் வாங்கியது ஒரு பெல் இல்லை, இரண்டு. நர்ஸம்மா வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததால் அவருக்கும் ஒன்று, அதே கடையில், அதே மாடல். இரண்டும் அச்சாக ஒன்றுபோல இருக்கிறது என்று பெருமையாக வேறு காட்டினார். நான் ஒவ்வொரு அடியின் கடைசியிலும் காலை வைக்கும்போது நர்ஸம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார். அவர் வீட்டுக்கு யாராவது கேக் கொண்டு வந்தால் எங்கள் வீட்டில் கீர்த்தனை நிற்கிறது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் போய் மணியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு முகத்தில் என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். "பாத்தியா, பெட்டி மேல தப்பே இல்ல!" என்றார். நான் கையில் இருந்த பைபிளை மேசைமேல் வைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பெல்லின் உள்ளே அலைவரிசையை மாற்றச் சின்ன முள் ஒன்று இருந்தது. அதை இடம் மாற்றிப் போட்டதும் பேய் ஓடிவிட்டது. நர்ஸம்மாவிடம் போய் இவரே விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். ஆனால் அதற்குள் கிறிஸ்துமஸ் வந்தது, புத்தாண்டு வந்தது. சபையில் வாசிக்கவும் பாடவுமே நேரம் சரியாக இருந்தது. மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தைய நாள் சாயங்காலம்தான் எல்லாம் கூடி வந்தது. தபலா, வயலின், புல்லாங்குழல், கம்ப்யூட்டர், என் கால், எல்லாம் ஒன்றாக நின்றன, ஒன்றாக நடந்தன. நான் மிதித்து நிறுத்திய இடங்களோடு சேர்த்து வாத்தியம் முழுவதையும் பதித்தார். கூடவே மெல்லப் பாடிப் பார்த்தேன். இத்தனை நாள் பாடியதில் தொண்டை கட்டி, மேல் ஸ்தாயியில் கரகரவென்றிருந்தது.

"வாத்தியம் ஏறிடுச்சு. இனிமே அது எங்கயும் போவாது. நீ இன்னிக்கு ரெஸ்ட் எடு. காலைல எழுந்து பாடு, குரல் தெளிஞ்சிருக்கும். மத்தியானம்தானே அட்மிஷன்?" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

காலையில் கரண்ட் இல்லை. வரும் வரும் என்று காத்திருந்தேன். பிறகு பேப்பரைப் பிரித்தால், எங்கள் தெருப் பேரோடு போட்டிருந்தது: மாதாந்திரப் பராமரிப்பு, காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தம். பேப்பரை அவர் முன்னால் நீட்டினேன். படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"டேப் ரெக்கார்டர்ல பேட்டரி போட்டா ஓடும்" என்றேன். "கீபோர்டுகூட வேணாம். வெறும் குரல்ல பாடறேன்."

அவர் மூன்று இயந்திரங்களையும் பார்த்தார். "இவ்ளோ பண்ணிட்டு, டேப்லயா?" என்றார். கெஞ்சுவது போல இருந்தது. "ஒண்ணும் ஆகாது. டாக்டரே சொன்னாங்கல்ல, நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகறதில்லன்னு. வந்து பாடிக்கலாம்."

நான் இன்னும் ஒரு வார்த்தை வற்புறுத்தியிருந்தால் கடைக்குப் போய் பேட்டரி வாங்கி வந்திருப்பார். ஆனால் அப்படி வற்புறுத்தினால், குரல் போகத்தான் போகிறது என்று நானே வாய்விட்டுச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று பயமாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

கட்டி நரம்போடு ஒட்டிப்போயிருந்தது. நரம்பை வெட்டவில்லை, பிரித்து எடுத்தோம், அது களைத்துப் போயிருக்கிறது, வர மாதங்கள் ஆகலாம், முழுக்க வரலாம், பாதி வரலாம் என்று டாக்டரம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். யார்மேலும் குற்றமில்லை. அதனால் என் கோபத்துக்குப் போக இடமும் இல்லை. வாயைத் திறந்தால் காற்றும், காற்றின் நடுவே கொஞ்சம் சத்தமும் வந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் நான் கேட்ட முதல் காரியம் இதுதான். டிசம்பர் முழுக்க ஒவ்வொரு சாயங்காலமும் அந்த மெத்தைகளுக்கு நடுவில் பாடினேனே, அதெல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்குமே, அதைப் போடுங்கள். தாளம் தப்பினாலும் பரவாயில்லை. பாதியில் நின்றாலும் பரவாயில்லை. கத்தியதுகூட இருக்கட்டும்.

அவர் கம்ப்யூட்டரைப் போடவே இல்லை. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். "எதுவுமே ஒத்துப்போகல" என்றார். "டிஸ்க்குல எடமும் கம்மி. அன்னன்னிக்கு அழிச்சுட்டேன்."

ஒன்று ஒத்துப்போகாவிட்டால் ஜோடியாகத் தள்ளிவிட வேண்டும் என்பது அவர் கைப்பழக்கம். அவரைத் திட்ட வேண்டும் போலிருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம் வந்தது. குரல் கொஞ்சம் தேறியிருந்தது; பள்ளிக்கூடத்தில் முதல் இரண்டு பெஞ்சுவரைக்கும் கேட்கும். பாடகர் குழுவில் என் இடத்தில் வேறொரு பெண் நின்றாள். ஒரு சாயங்காலம் இவர், "சும்மா ஒரு வாட்டி பாடிப் பாரேன். எனக்காக. எல்லாம் அப்படியே இருக்குது" என்றார். இந்த முறை படுக்கையறை இல்லை, மெத்தை இல்லை. கூடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

வாத்தியம் அவ்வளவு அழகாக இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் எனக்கு நாக்கு அழுகிவிடும். வயலின் ஏறி வந்து, புல்லாங்குழல் வழிவிட்டு, தபலா என்னைக் கூப்பிட்டது. நான் எடுத்தேன். பாதி அடியில் மூச்சு தீர்ந்தது. மூச்சு வாங்குவதற்குள் தாளம் அடுத்த சொல்லுக்குப் போயிருந்தது. ஓடிப்போய்ப் பிடித்தேன், மறுபடி தீர்ந்தது. அடியின் கடைசியில் எல்லாம் ஒன்றாக நின்றன. நீண்ட நேரம் நின்றன. ஆபரேஷனுக்கு முன்னால் நான் மிதித்து வைத்த இடம் அது. அவ்வளவு நேரம் நீட்டக்கூடிய ஒருத்திக்காக மூன்று பெட்டிகளும் மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தன. என்னிடம் நீட்ட ஒன்றும் இல்லை. எங்கெங்கே எனக்கு மூச்சு வேண்டுமோ அங்கெல்லாம் அவை நிற்கவில்லை. வேண்டாத இடத்தில் நின்றன. இத்தனை பாடுபட்டு என் மூச்சுக்கு ஏற்றபடி செய்தது, இப்போது எனக்கே ஒத்துப்போகவில்லை.

நான் நிறுத்திவிட்டேன். அவர் முகத்தில் ஒரு நொடி ஏதோ வந்து போனது. அடுத்த நொடி ஹெட்ஃபோனைத் தலையில் மாட்டிக்கொண்டு, டிரம் பெட்டியின் பின்னால் குனிந்துவிட்டார். "பரவால்ல, பரவால்ல. நிக்கற எடத்த மாத்திடலாம். இன்னும் ரெண்டு மூணு எடம் ஜாஸ்தி வெக்கணும், அவ்ளோதான். மறுபடியும் மொதல்லேந்து செட் பண்ணிடறேன்" என்று வயர்களிடம் பேசினார்.

அப்போது எனக்கு வந்த கோபம் அதற்கு முன் வந்ததில்லை. போதும் என்று கத்தினேன். பெட்டியும் வேண்டாம், வயரும் வேண்டாம், ஒரு டேப்பைப் போட்டு ஒரு பட்டனை அமுக்கியிருந்தால் இன்றைக்கு நான் என் குரலைக் கேட்டிருப்பேன் என்று, உயிரைக் கூட்டி, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். காற்றுதான் வந்தது. ஹெட்ஃபோனும் மின்விசிறிச் சத்தமுமாக, அவருக்கு அதில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. குனிந்த முதுகு குனிந்தபடியே இருந்தது.

எழுந்து போனேன். சுவரில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினேன். கூடத்தில் எல்லா விளக்குகளும் அணைந்தன.

இருட்டில் ஹெட்ஃபோனைக் கழற்றும் சத்தம் கேட்டது. "கரண்ட் போய்டுச்சா?" என்றார் அவர்.